பச்சைக் காட்சி

"இடுப்புல ரெண்டு விரக்கடை பிடிச்சுடு ரூஃபா. உன் அளவு தாஸ்யாவுக்குத் தொளதொளன்னு நிக்கும்."

இயக்குநர் வெனியமின் ஒசிபோவிச் ஆரஞ்சு நிற விண்வெளி உடுப்பை மேசைமேல் போட்டார். போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ரூஃபினா என்ன சொல்லப் போகிறாள் என்று பார்ப்பதற்காகவே நின்றார்.

"அடுத்த வருஷத்துக்கா?"

"இன்னிக்கி மூணு மணி ஆட்டத்துக்கு. மாஸ்கோவிலேருந்து அந்தம்மா வந்தாச்சு. இலையுதிர்காலத்துல தலைநகர்ல ஆட யாரைக் கூப்பிடறதுன்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. விண்ணுக்குப் போன முதல் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. உனக்கு நாப்பத்துமூணு. மூணாவது வரிசையில உக்காந்திருக்கிறவங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அப்போ நாய் வேஷம்?"

"நாயும் தாஸ்யாதான். நாய் செத்து இருபது நிமிஷம் கழிச்சுத்தானே முதல் பெண் வரா. உடுப்பு மாத்திக்கத் தாராளமாப் போதும். நீ அறிவிப்பாளர் குரலைப் பாத்துக்கோ. குரலுக்கு வயசு தெரியாது."

"சரி" என்றாள் ரூஃபினா. சிரிக்கக்கூடச் செய்தாள். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை எப்படிக் கலைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாடகத்தின் பெயர் 'விண்ணுக்கு வழி'. காது கேளாத ஒரு பள்ளி ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தில் ராக்கெட் வரைவதில் தொடங்கி, முதல் பெண் தனியாக விண்ணிலிருந்து பூமியைப் பார்ப்பதில் முடியும். வோல்கா கரையிலிருந்து கிளம்பும் அந்தக் குழு பதினோரு கோடைகளாக அதை ஊர் ஊராக எடுத்துச் சென்றது. இந்த வருடம் கசாக் புல்வெளியின் நடுவில், ரயில் நின்று போகும் ஒரு சிறு ஊரின் பண்பாட்டு மாளிகையில் பயணம் முடிகிறது.

பதினோரு கோடைகளாக முதல் பெண் ரூஃபினாதான். குளிர்காலத்தில் சொந்த ஊர் அரங்கில் அவளுக்குக் கிடைப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி, வியாபாரியின் மனைவி, கடிதம் கொண்டு வருகிறவள் போன்ற சின்ன வேடங்கள். கோடையில் மட்டும் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் மேடையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. மற்றவர்களுக்குக் கணவன், பிள்ளை, தோட்டம் என்று ஏதேதோ இருந்தது. தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவள் என்றாவது கணக்கிட்டுப் பார்த்தால் அந்த ஏழு நிமிடத்தில் வந்து நிற்பாள். அதற்குமேல் தேட அவளுக்குப் பயம்.

அளவெடுத்துவிட்டு உடுப்பைக் கழற்றித் தைக்க நேரமில்லை. தாஸ்யா அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். நாடகப் பள்ளியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். கழுத்து நீளம், காது மடல் சிவப்பு.

"நூலை வாயில கடிச்சுக்கோ" என்றாள் ரூஃபினா. ஆள்மேல் வைத்துத் தைக்கும்போது அந்த ஆள் ஒரு நூல் துண்டைப் பல்லில் கடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தியையும் சேர்த்துத் தைத்துவிடுவதாக ஒரு நம்பிக்கை. தாஸ்யா பணிவாகக் கடித்துக்கொண்டாள்.

ஊசி துணிக்குள் போய் வந்தது. துணிக்கு அந்தப் பக்கம் அரை அங்குலத்தில் தோல். ரூஃபினா ஒரு தடவைகூடக் குத்தவில்லை. தன் கை இவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிளெப் உள்ளே எட்டிப் பார்த்தான். முதல் மனிதனாக நடிப்பவன், குழுவின் கோமாளி. முப்பத்தைந்து வயதிலும் கன்னத்தில் குழி விழும்.

"அடேயப்பா, மகாராணி தயாராயாச்சா? தாஸ்யா, இன்னிக்கிப் பச்சைக் காட்சி, தெரியுமில்ல?"

தாஸ்யா நூலைக் கடித்தபடி தலையை ஆட்டி, தெரியாது என்றாள்.

"பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லிக் குடுக்கறானுங்களோ! சுத்துப் பயணத்தோட கடைசி ஆட்டம் பச்சைக் காட்சி. யாரு யாருக்கு வேணாலும் ஆப்பு வெக்கலாம். மேடையிலயே. ஒரே சட்டம்தான், கீழ இருக்கிற சனத்துக்குத் தெரியக் கூடாது. சிரிச்சியோ, கத்தினியோ, வசனத்தை விட்டியோ, தொலைஞ்ச. வர்ற வருஷம் பூரா பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். 'ஏய் பச்சை'ன்னுதான் கூப்பிடுவோம். நான் வர்றதுக்கு முந்தி ஒரு பெரியவர் இருந்தாராம். அவரு பூட்ஸைத் தரையோட ஆணி அடிச்சு வெச்சுட்டானுங்க. மனுஷன் என்ன பண்ணாரு? காலை உருவிக்கிட்டு வெறுங்காலோட வந்து வசனம் பேசினாரு. சனம் அழுதுச்சாம்! அவர் நடிகர். நாமெல்லாம் வெறும் கருவாடு."

தையல் முடிந்தது. தாஸ்யா நூலைத் துப்பினாள். "நான் வாயைத் திறக்க மாட்டேன். என்ன வேணா பண்ணிக்கோங்க, பாக்கலாம்."

"ஆகா, சவாலா? குறிச்சு வெச்சுக்கறேன்" என்று கிளெப் போய்விட்டான்.

தாஸ்யா கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரூஃபினா லவோவ்னா, உங்களுக்குக் கோபமா? நானாக் கேக்கலை, சத்தியமா. அவராத்தான்…"

"கோபமா? எனக்கா? முதுகை நிமித்து. முதல் பெண் கூன் போட மாட்டா."

மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. தகரக் கூரை. வெளியே நாற்பது டிகிரி. உள்ளே எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு விண்வெளி என்பது தலைக்கு மேலே இருப்பதல்ல, புல்வெளியில் வந்து விழுவது. திரும்பி வரும் கலங்களின் பாராசூட் துணியைக் கிழித்துத்தான் முன்வரிசைப் பெண்கள் தலைத்துணி கட்டியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மாஸ்கோ அம்மாள் நிகழ்ச்சித்தாளால் விசிறிக்கொண்டிருந்தாள்.

பச்சைக் காட்சி களைகட்டியது. காது கேளாத ஆசிரியர் ஊதுகுழல் போன்ற கருவியைக் காதில் வைத்தார். உள்ளே யாரோ உப்பு மீனைத் திணித்திருந்தார்கள். மீனின் வால் கன்னத்தில் படப்பட, அவர் கண் கலங்க நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினார். தளபதி ரகசிய உறையைப் பிரித்தார். உள்ளே அவருடைய மூக்கைக் கேலிப்படமாக வரைந்து வைத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "தாய்நாடு நம்மை நம்புகிறது" என்றார். திரைக்குப் பின்னால் எல்லோரும் புறங்கையைக் கடித்துச் சிரித்தார்கள்.

அடுத்து நாய்.

அது போகும் கலத்தைக் கூரைத் தகரத்தில் செய்திருந்தார்கள். ஒரு பெரிய பீப்பாய் அளவு. முன்பக்கம் வட்டமான கண்ணாடி, பின்பக்கம் சின்னக் கதவு. லாரியில் போகும்போது கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே ஒரு தாழ்ப்பாள். காட்சி முடிந்ததும் விளக்கு அணையும். உள்ளே இருப்பவர் பின்வழியாகத் திரைக்குள் நழுவிவிடுவார். கலம் மட்டும் மேடையிலேயே நிற்கும். கடைசியில் எல்லாக் கலங்களும் வரிசையாகத் தெரிய வேண்டும் என்பது வெனியமினின் ஏற்பாடு.

ரூஃபினா ஒலிவாங்கியோடு பக்கத் திரையில் நின்றாள். இதற்கு முன்னால் நாயாக நடித்தவர்கள் எல்லோரும் முனகினார்கள், குரைத்தார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். தாஸ்யா ஒன்றுமே செய்யவில்லை. தோல் உடுப்புக்குள் அந்த முகம் மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போன மனிதன் எந்தப் பக்கம் போனானோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அரங்கில் விசிறுகிற சத்தம் நின்றுவிட்டது. மாஸ்கோ அம்மாளின் கையும் நின்றுவிட்டது.

இவளுக்கு நடிக்கத் தெரியும், என்று ரூஃபினா நினைத்தாள்.

மற்றதெல்லாம் அவளால் தாங்கியிருக்க முடியும். இளமையை, நீளக் கழுத்தை, வெனியமினின் பேச்சை. தாஸ்யா மோசமாக நடித்திருந்தால் மாஸ்கோவின் கண் முன்னாலேயே அவள் சொதப்பட்டும் என்று ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருப்பாள். இது வேறு. இவள் முதல் பெண்ணையும் நன்றாகச் செய்துவிடுவாள். அப்புறம் ஒரு கோடைகூட மிச்சம் இருக்காது.

"வலியின்றி, உறக்கத்திலேயே, அது தன் கடமையை முடித்துக்கொண்டது" என்று ரூஃபினா ஒலிவாங்கியில் வாசித்தாள். குரல் வெண்ணெய் போல வந்தது. விளக்கு அணைந்தது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். மூன்றடி நடந்தாள். கலத்தின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

இரண்டு நிமிடம்தான். உள்ளிருந்து தள்ளிப் பார்ப்பாள், பயப்படுவாள், கத்துவாள். மேடைப் பையன்கள் ஓடி வந்து திறப்பார்கள். ஆட்டம் கெட்டுப்போகும். மாஸ்கோ அம்மாள் முகத்தைச் சுளிப்பாள். ஓர் ஆண்டு முழுக்கத் தாஸ்யா 'பச்சை' ஆகிவிடுவாள். ரூஃபினா வேண்டியது அவ்வளவுதான். பிற்பாடு தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொண்டாள். அந்த நிமிடத்தில் உண்மையாகவே அவ்வளவுதான் வேண்டினாள்.

கதவு ஒரு முறை அதிர்ந்தது. இன்னொரு முறை. பிறகு மெல்ல, மிக மெல்ல, அரங்கில் கேட்டுவிடக் கூடாது என்ற கவனத்தோடு விரல் நுனியால் மூன்று தட்டு.

கத்தல் வரவில்லை.

மேடையின் மறுபாதியில் கிளெப் முதல் மனிதனாகக் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரூஃபினா காத்திருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. தகரத்தின்மேல் கை வைத்தாள். அடுப்பில் ஏற்றிய வாணலி போலச் சுட்டது. மறுபடி அந்த மூன்று தட்டு. கத்தேன்டி, என்று அவள் மனதுக்குள் சொன்னாள். கத்தித் தொலையேன். அவளுக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண் இதிலும் நன்றாகச் செய்கிறாள்.

திறந்துவிட்டிருக்கலாம். அப்படித் திறந்திருந்தால், பூட்டியது தான்தான் என்று ஆகியிருக்கும். இந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, உடுப்பை மாற்றி, மேடைக்குப் போய், அந்த ஏழு நிமிடத்தை எடுத்துக்கொண்டிருப்பாள்.

கிளெப் தன் காட்சியை முடித்துக்கொண்டு வியர்வை சொட்ட உள்ளே வந்தான். "தாஸ்யா எங்க? உடுப்பு இன்னும் ஆணியில தொங்குது?"

"தெரியலையே. காணோம்" என்றாள் ரூஃபினா.

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். தாழ்ப்பாளைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அடிப்பாவி ரூஃபா! நீயா? உன்னை நான் சாமியார்னுல்ல நெனச்சேன்!" வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். "கத்தலையா அவ?"

"கத்தலை."

"கெட்டிக்காரிடா! யாரும் திறக்காதீங்க, கேட்டுதா? பாப்போம், எம்புட்டு நேரம்னு." செய்தி கிசுகிசுப்பாகப் பரவியது. தளபதி வந்து பார்த்தார், உப்பு மீன் ஆசிரியர் வந்து பார்த்தார். இருட்டில் ஆறேழு பேர் தோளைக் குலுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர்கூட இதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. அவர்கள் நினைக்காததால் ரூஃபினாவுக்கும் அது கொஞ்சம் கொடுமை இல்லாமல் போயிற்று.

வெனியமின் கையைப் பிசைந்தபடி ஓடி வந்தார். "எங்க அவ? எங்க போய்த் தொலைஞ்சா?"

"கக்கூஸ்ல. வயிறு சரியில்லையாம்" என்றான் கிளெப்.

"இந்த நேரத்துலயா? ரூஃபா! உனக்கு வசனம் ஞாபகம் இருக்கில்ல? ஏறு, ஏறு, பாத்துக்கிட்டு நிக்காதே!"

உடுப்பு இடுப்பில் ஏறவில்லை. காலையில் போட்ட தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நல்ல அழுத்தமான தையல், நூல் விரலை அறுத்தது. கிழிந்ததும் மூச்சு விட்டாள்.

மேடையில் விளக்கு வந்தது. அவள் தனியாக இருந்தாள், இடது பக்கம் மூன்று கெஜத் தொலைவில் இருட்டில் நிற்கும் அந்தத் தகரக் கலத்தைத் தவிர.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, இன்று வேறு மாதிரி வரப்போகிறது என்று. வசனம் தொண்டையிலிருந்து வரவில்லை. எங்கோ அடியிலிருந்து, இதுவரை அவள் கை விட்டுத் தொடாத இடத்திலிருந்து வந்தது. கீழே நானூறு பேர் அசையவில்லை. "பூமியே, நான் உன்னைப் பார்க்கிறேன்" என்றாள். அதற்கடுத்த வரிக்கு முன்னால் தலையை இடது பக்கம் திருப்ப வேண்டும். பதினோரு வருடமாகத் திருப்புகிறாள். திருப்பினாள்.

வட்டக் கண்ணாடி உள்ளிருந்து வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. அதில் ஒரு விரல் மெதுவாக ஒரு கோடு இழுத்தது. கோட்டின் வழியே ஒரு கண் தெரிந்தது. அது ரூஃபினாவைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. பிறகு கோட்டின்மேலும் ஆவி படிந்தது. விரல் திரும்பி வரவில்லை.

ரூஃபினா காத்திருந்தாள். அரங்கமும் அவளோடு காத்திருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டாள். இந்த அமைதி, இவ்வளவு பெரிய அமைதி, அவள் வாழ்க்கையில் ஒரு முறையும் அவளுக்குக் கிடைத்ததில்லை. நிறுத்து, மூன்றடி நட, தாழ்ப்பாளைத் திற என்று ஒருத்தி அவளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு குரலும் அவளுடையதுதான். ஆனால் இரண்டாவது குரலுக்கு மேடை அனுபவம் அதிகம்.

"நீ என்னைப் பார்க்கிறாயா?" என்றாள் கடைசியில். மீதி நான்கு நிமிட வசனத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். "எனக்குப் பயமில்லை!" என்ற கடைசி வரியோடு கையை உயர்த்தினாள். கைதட்டல் தகரக் கூரையைத் தூக்கியது. மாஸ்கோ அம்மாள் எழுந்து நின்றாள்.

திரை விழுந்ததும் கிளெப் கலத்துக்குப் பின்னால் போய், தட்டில் பண்டம் கொண்டு வருகிறவன் மாதிரி குனிந்து, "வெற்றி வீராங்கனை வருக வருக!" என்று தாழ்ப்பாளை இழுத்தான். தாஸ்யா சிரித்துக்கொண்டு வரவில்லை. தோல் உடுப்போடு மூட்டையாகச் சரிந்து அவன் காலடியில் விழுந்தாள். முகம் செங்கல் நிறம். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. வியர்வையே இல்லை.

"டேய் தண்ணி! தண்ணி கொண்டாங்கடா!" கிளெப்பின் குரல் உடைந்தது. உடுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். ஊரின் ரயில்வே மருத்துவமனைக்கு ஆள் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் உதடு அசைந்தது. கிளெப் காதைக் கொண்டுபோய் வைத்தான்.

"என்ன சொல்றா?" என்று வெனியமின் கேட்டார்.

"வாயே திறக்கலைங்கறா" என்று சொல்லிவிட்டு, கிளெப் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். உப்பு மீன் ஆசிரியர் கைதட்டினார். வேறு யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தூக்கிக்கொண்டு போன பிறகு வெனியமின் தாழ்ப்பாளைப் பார்த்தார். ரூஃபினாவின் இடுப்பில் தொங்கிய கிழிந்த நூலைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மாஸ்கோ அம்மா உன்னைத்தான் கேட்டாங்க. பேரை எழுதிக்கிட்டாங்க. தையலைச் சரி பண்ணிடு" என்றார். அவ்வளவுதான். தன்னை அவர் திட்டுவார் என்று ரூஃபினா எதிர்பார்த்திருந்தாள். திட்டாதது ஏதோ தரக்குறைவாக இருந்தது. தான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பது போல.

ரயில் ஆறரைக்கு. தாஸ்யா பத்து நாள் இங்கேயே கிடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுடைய பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் வேண்டும். "நான் போறேன்" என்றாள் ரூஃபினா. மற்றவர்களுக்கு அது நிம்மதியாக இருந்தது.

தண்டவாளத்தைத் தாண்டினால் மருத்துவமனை. ஜன்னலில் ஈரப் போர்வை கட்டியிருந்தார்கள். தாஸ்யாவின் இரண்டு கையிலும் கட்டு, கையில் ஏறும் குழாய், வெடித்த உதடு. ரூஃபினா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தண்ணீர்க் குவளையை எட்டாத இடத்திலிருந்து எட்டும் இடத்துக்கு நகர்த்தினாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்கதான்னு தெரியும்" என்றாள் தாஸ்யா. குரல் காகிதம் கிழிவது போல இருந்தது. "மூணாவது அடி வெச்சப்ப உங்க செருப்பு கிறீச்சுன்னுச்சு."

ரூஃபினா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல விளையாட்டுன்னுதான் நெனச்சேன். அப்புறம் உங்க குரல் கேட்டுச்சு. என் வசனத்தை நீங்க பேசினீங்க. அப்பத்தான் புரிஞ்சுது. அப்பவும் கத்தலை. ஏன்னு தெரியலை." கண்ணை மூடினாள். "முழுசாக் கேட்டேன். மயக்கம் வந்து வந்து போச்சு, ஆனாலும் கேட்டேன்."

இப்போது கேள், என்று ரூஃபினா தனக்குச் சொன்னாள். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வி அறையில் நின்றது. அதைத் திரும்பப் பிடித்து விழுங்க முடியாது. தாஸ்யா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். அருவருப்பு இருக்கும் என்று ரூஃபினா நினைத்தாள். இல்லை. ஓர் ஆளை முதன்முறையாகச் சரியாக அளவெடுக்கிற பார்வை அது.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் கடைசியில். "உங்ககிட்ட நான் கேட்டதுலயே இதுதான் நல்லா இருந்துச்சு. கடைசி வரி மட்டும் கெட்டுப்போச்சு. ரொம்பச் சத்தம். பயமில்லாதவங்க அதைக் கத்திச் சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரூஃபினா நடைவழிக்கு வந்தாள். ஒரு பெஞ்சு இருந்தது. உட்காரவில்லை. ரயிலுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சுவரைப் பார்த்து நின்று, "எனக்குப் பயமில்லை" என்றாள், மெதுவாக. அப்பவும் சத்தம்தான். இன்னும் குறைத்தாள். "எனக்குப் பயமில்லை." அதில் மூச்சு அதிகம். அந்தச் சிறுக்கி சொன்னது சரிதான். பதினோரு வருடமாக யாருமே சொல்லவில்லையே.

வாளியோடு போன தாதி, கசாக் பெண்மணி, நின்றாள். ஒரு வயதான பெண் சுவரோடு பேசிக்கொண்டு உதடு நடுங்க நிற்பதைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள். "உங்க பொண்ணா? பயப்படாதீங்கம்மா. பிழைச்சிட்டா."

ரூஃபினா அவளுக்குத் தலையை ஆட்டினாள். தாதி போகும் வரை பொறுத்திருந்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, அதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.